வெந்நீர் வந்த தெருவிலிருந்து மச்சானுக்கு

ஜெர்சி சிட்டி,
முதல் குளிர் இறங்கிய வாரம்.

கர்த்தருக்குள் கனம்பொருந்திய மச்சான் அருமைநாயகம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கை மாப்பிள்ளை கிருபைராஜ் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது.

ஸ்தோத்திரம். இங்கே நானும் உங்கள் தங்கை ஜெயலீலாவும் ஆண்டவர் கிருபையால் சுகமாகவும், சில குளிர்காலங்களுக்குப் பிறகு முதன்முறையாக ஸ்வெட்டர் இல்லாமலும் இருக்கிறோம். அங்கே பாளையங்கோட்டையில் தாங்களும் மைனியும் சுகமாகவும், வழக்கம்போல வியர்த்தபடியும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் என் முகம் தெரிந்ததும் அதை மைனியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் முற்றத்துக்குப் போய்விடுகிறீர்கள். சில வருடங்களாக உங்கள் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகப் பழக்கம். கடிதத்தை அப்படிக் கைமாற்ற முடியாது. மைனி கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நீங்களே பிரித்துப் படித்துவிடுவீர்கள். அதுவும் நீங்கள் மில்லில் பாய்லர் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர். இந்தக் கடிதமோ முதலிலிருந்து கடைசிவரை பாய்லர் சமாசாரம். பாதியில் வைக்க உங்களுக்கு மனம் வராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அந்த ஜனவரியை மறுபடி ஞாபகப்படுத்துவதற்கு மன்னிக்க வேண்டும். நீங்களும் மைனியும் எவ்வளவு ஆசையாக வந்தீர்கள். பேஸ்மென்ட் அறையில் உங்களுக்குப் படுக்கை போட்டோம், பாய்லருக்கு அடுத்த அறை, நல்ல கதகதப்பாக இருக்கும் என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். இரண்டாம் நாளே பாய்லர் கோபித்துக்கொண்ட புது மாப்பிள்ளை மாதிரி எரிவதும் அணைவதுமாக ஆரம்பித்துவிட்டது, வெளியே பனி கொட்டுகிறது, நீங்கள் முந்தின ராத்திரியிலிருந்தே எங்கேயோ ஊசிக்காற்று வருகிறது, எங்கேயோ ஊசிக்காற்று வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள், போர்வைக்கு மேல் போர்வை போட்டு உங்கள் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. மெக்கானிக்குகள் வந்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீங்கள் மட்டும்தான் அதன்மேல் காதை வைத்துக் கேட்டு, "இது மூச்சு முட்டிச் சாகுது மாப்ள" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். போதாக்குறைக்கு மைனி உங்கள் பெயரின் முதலெழுத்துகளைச் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்த மங்கி குல்லாவும் எங்கள் வீட்டில் தொலைந்துபோய், அதற்கும் என் தலைதான் உருண்டது. ஏர்போர்ட்டில் நீங்கள் கடைசியாகச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒம்ம வீட்டுல இனிமே குளிர்காலத்துல தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன் மாப்ள."

அன்றைக்குக் காரில் வீடு வந்து சேரும்வரை ஜெயலீலா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் ஏணியில் ஏறி நட்சத்திரம் கட்டுகிறேன், அவள் கீழே நின்று பார்த்துவிட்டு, அண்ணன் கட்டியிருந்தால் நேராக இருக்கும் என்கிறாள். நட்சத்திரம் நேராகத்தான் இருக்கிறது மச்சான். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆகையால் கோணல் வேறு எங்கேயோ இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. இந்த வீட்டைச் சூடாக்கி, உங்களை ஒரு கிறிஸ்துமஸுக்காவது இங்கே கொண்டுவந்து உட்காரவைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெரு நடுவிலிருக்கும் சர்ச் ஹாலில், நம் தமிழ்ச் சபை ஞாயிறு மதியம் ஆராதனை நடத்துகிற அதே ஹாலில், ஒரு கூட்டம் போட்டார்கள். ஆற்றோரம் ஒரு பெரிய நிலையம் கட்டியிருக்கிறார்களாம், அங்கிருந்து பூமிக்கடியில் தெருத்தெருவாக வெந்நீர்க் குழாய் வருமாம், வீடும் கடையும் அதில் இணைந்துகொண்டால் ஆளாளுக்கு ஒரு பாய்லர் வேண்டாமாம். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் மில்லில் ஒரே பாய்லர் ஹவுஸ் எல்லா ஷெட்டுக்கும் நீராவி கொடுத்ததே, அதைத்தான் இவர்கள் வெந்நீரை வைத்து ஊருக்குச் செய்கிறார்கள். வந்து பேசியது மானஸா என்கிற கம்பெனி இன்ஜினியர். அப்பா அம்மா கோயம்புத்தூர், பிள்ளை பிறந்தது இங்கே. நாம் தமிழில் கேட்பதெல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். சூடு எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்க, நகரத்துச் சாக்கடைத் தண்ணீரிலிருந்து என்று அந்தப் பிள்ளை ஒளிக்காமல் சொல்லிவிட்டது. ஹாலில் மூக்கைப் பிடிக்காத ஆள் இல்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று, வெந்நீர்ச் சட்டிக்குள் பால் பாட்டிலை வைத்தால் பால் சூடாகிறது, சட்டித் தண்ணீர் பாலில் கலந்துவிடுகிறதா என்று கேட்டேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. கூட்டம் கலைவதற்குள் என்னைத் தெருவுக்கு ஒருங்கிணைப்பாளராக்கி மஞ்சள் சட்டை ஒன்றையும் மாட்டிவிட்டார்கள்.

ஒரு நிபந்தனை. பெரும்பாலான வீடுகள் கையெழுத்துப் போட வேண்டும், தெருமுனையில் இருக்கும் ரோசாவின் பேக்கரியும் கட்டாயம் சேர வேண்டும், ஏனென்றால் அதிகச் சூடு கேட்கிற இடம் அதுதான். இல்லாவிட்டால் குழாய் எங்கள் தெருவுக்குள் திரும்பாமல் நேரே போய்விடும். ரோசா பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண், ஜெயலீலாவுக்கு உயிர்த்தோழி, உடனே சரியென்று சொல்லிவிட்டாள். மற்ற வீடுகளுக்கு நான் இறங்கினேன். சுவிசேஷ ஊழியத்துக்குக்கூட நான் இத்தனை வாசல் ஏறியதில்லை மச்சான். மஞ்சள் சட்டையைப் பார்த்துப் பார்சல் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு, நான் மதம் மாற்ற வந்திருக்கிறேன் என்று கதவைச் சாத்தியவர்கள் உண்டு, ஒரு வீட்டில் நாய் விட்டாலும் மாமனார் விடவில்லை. அத்தனை பேரையும் பேசிப் பேசிக் கரைத்துவிட்டு, எங்கள் வீட்டுக் கையெழுத்துத்தான் பாக்கி, அது எங்கே போய்விடப்போகிறது என்று சாவகாசமாக வீட்டுக்கு வந்தேன். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் ஜெயலீலாவும் போட வேண்டும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை முழுவதும் படித்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பாய்லர எடுத்துட்டா, மாவ எங்க வைக்க?"

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. நான் துள்ளி விழுந்த சத்தம் உங்களுக்கு அங்கே கேட்டிருக்கும். விஷயம் என்னவென்றால், இந்த ஊர்க் குளிரில் இட்லி மாவு ஆட்டி வைத்தால் வைத்தபடியே இருக்கும், பொங்காது, புளிக்காது. ஜெயலீலா பாத்திரத்தைப் பேஸ்மென்டில் பாய்லர் தலையில் ஏற்றி வைத்துவிடுவாள், அது எரிந்து எரிந்து அணைந்தாலும் மாவுக்கு அந்தச் சூடு போதும். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் சபை முழுவதுக்கும் அவள் கை இட்லியும் கறிக்குழம்பும்தான். பிரசங்கம் நீண்டால் ஜனங்கள் சாப்பாடு இருக்கும் சர்ச் பேஸ்மென்ட் பக்கம் மூக்கைத் திருப்புவதைப் போதகர் ஐயரே பார்த்துப் பிரசங்கத்தைச் சுருக்கியிருக்கிறார். அந்த மாவு பொங்காவிட்டால் அவளுக்குக் கிறிஸ்துமஸே இல்லை. அவளுக்குக் கிறிஸ்துமஸ் இல்லாவிட்டால் நான் உங்களை அழைத்து என்ன செய்ய?

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி ரோசாவுக்குப் போய்விட்டது. அவள் ரொட்டி மாவும் பேக்கரி பாய்லர் பக்கத்தில்தான் எழும்புகிறதாம், அதை அவள் யோசிக்கவே இல்லையாம், லீலா போடாவிட்டால் நானும் போடவில்லை என்று கையெழுத்தை வாபஸ் வாங்கிவிட்டாள். பேக்கரி இல்லையென்றால் குழாய் இல்லை. நான் அத்தனை வாசல் ஏறிச் சம்பாதித்த கையெழுத்தெல்லாம் அதோடு காற்றில் போயிற்று. தெருவில் என்னைப் பார்த்தவர்கள், வீட்டுக்காரியைச் சம்மதிக்க வைக்கத் தெரியாதவன் நம்மிடம் வந்து பேசினான் பார் என்று முகத்துக்கு நேரேயே சிரித்தார்கள்.

மாவுக்கு வேறு இடம் பார்க்கலாம் என்று நானே இறங்கினேன், அதில்தான் கார் கெட்டது. எங்கள் காரில் சீட் சூடாகிற வசதி உண்டு. பாத்திரத்தை முன்சீட்டில் வைத்து, பெல்ட் மாட்டி, சூட்டைப் போட்டேன். நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்வார் என்பதால் ஜர்னல் ஸ்கொயரைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஓட்டினேன். மாவு அலுங்கக் கூடாதே. சவ ஊர்வலம் மாதிரி ஒரு கார் தனியாகச் சுற்றுகிறதே என்று போலீஸ்காரர் நிறுத்தினார். சீட்டில் என்ன என்றார். மாவு என்றேன். ஏன் பெல்ட் என்றார். அதற்கு உயிர் இருக்கிறது, இப்போதுதான் எழும்பிக்கொண்டிருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து மூடி தானாக ஒரு பக்கம் தூக்கியது. அவர் இரண்டடி பின்னால் போய்விட்டு, நல்ல மனிதர், வீட்டுக்குப் போ என்று மட்டும் சொன்னார். போகிற வழியில் ஒரு சிக்னலில் பிரேக் போட வேண்டியதாயிற்று. மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை. இன்றைக்கும் ஹீட்டர் போட்டால் கார் முழுக்கத் தோசைக்கல் வாசனை அடிக்கிறது.

குழாய் வேறு தெருவுக்குப் போகிற நிலைமை வந்ததும் மானஸாவே வீட்டுக்கு வந்தாள். சுவரில் மாட்டுகிற ஒரு பெட்டியின் படத்தைக் காட்டினாள், சின்ன சூட்கேஸ் அளவுதான். நல்ல பிள்ளை, தன் சரக்கின் பெருமையைச் சொல்லத்தானே வந்தாள். பெட்டியைச் சுற்றிலும் பொதிந்திருக்கும், குழாயையும் பொதிந்துவிடுவோம், தொட்டால்கூடச் சூடு தெரியாது, ஆன்ட்டி, ஒரு துளிச் சூடுகூட வீணாகாது என்று அவள் இங்கிலீஷில் அடுக்க அடுக்க, ஜெயலீலா முகம் ஒவ்வொரு வார்த்தைக்கும் சுண்டிக்கொண்டே போனது.

"வீணாப் போற சூட்டுலதாம்மா எங்க மாவு பொங்குது" என்றாள்.

மானஸா படத்தை மடித்துக் கீழே வைத்துவிட்டாள். தட்டில் இட்லி வந்தது, சாப்பிட்டாள், இன்னொரு தட்டு வந்தது, அதையும் சாப்பிட்டாள். பிறகு பேஸ்மென்டுக்கு இறங்கிப் போய்ப் பாத்திரம் உட்கார்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மாவுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று கேட்டாள். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர் பதம் என்றாள் ஜெயலீலா. அதைக் கேட்டதும் அந்தப் பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. விஷயம் இவ்வளவுதான் மச்சான், உங்களுக்கு நான் சொல்லாமலே பிடிபட்டிருக்கும். வீட்டுக்குள் வருகிற தண்ணீர் கொதிப்பாக வருகிறது, சூட்டைக் கொடுத்துவிட்டு இன்னொரு குழாய் வழியாக நிலையத்துக்குத் திரும்புகிறது. திரும்பிப் போகிற தண்ணீர் கிட்டத்தட்ட அந்தப் பிள்ளைக் குளியல் பதம்தான். அந்தக் குழாயில் ஒரு முழம் மட்டும் பொதியாமல் விட்டு, மேலே ஒரு பலகை அடித்தால் போதும்.

அவளுடைய மேலதிகாரி குதித்தாராம். ஒரு துளி வீணாகாது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு நாமே குழாயை அம்மணமாக விடுவதா என்றாராம். இவள், அது வீணில்லை, அந்தப் பாத்திரமும் நம் வாடிக்கையாளர்தான், அதுவும் ஓர் இணைப்பு என்று சாதித்துவிட்டாளாம். ஜெயலீலா கையெழுத்துப் போட்டாள். அதைப் பார்த்து ரோசா போட்டாள். குழாய் எங்கள் தெருவுக்குள் திரும்பியது.

அப்புறம் தெருவைத் தோண்டினார்கள். காணிக்கைப் பொருள்களைச் சபையில் ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகை சரியாக அந்தச் சமயத்தில் வந்து, சபையார் எல்லாரும் ஏலத்துக்குக் கொண்டுவந்த சாமான்களோடு பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் தள்ளாடி நடந்தார்கள். ஒரு பூசணிக்காய் நழுவிப் பள்ளத்துக்குள் உருண்டது. தோண்டிக்கொண்டிருந்தவர் அதைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கே வந்து, ஏலத்தில் நம்மோடு போட்டி போட்டு அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். எடுத்துக் கொடுத்தவரிடமே தோற்றுப்போனோம் என்று எல்லாருக்கும் ஒரே சிரிப்பு.

வெந்நீர் திறந்த அன்று ரேடியேட்டர்கள் எல்லாம் சத்தமே இல்லாமல் சூடாயின. நான் அறை அறையாகப் போய்த் தொட்டுப் பார்த்தேன், ஸ்வெட்டரைக் கழற்றினேன், ஜெயலீலாவுக்குத் தெரியாமல் கொஞ்சம் ஆடவும் செய்தேன். அவள் மாவு ஆட்டிப் பழைய அளவிலேயே பாத்திரத்தை நிரப்பிப் புதுப் பலகையில் வைத்தாள். பழைய பாய்லர் அணைந்து அணைந்து எரிந்தது, இது ராத்திரி முழுக்க ஒரே சீராகச் சூடு கொடுக்கும் என்பதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. காலையில் மாவு பொங்கி வழிந்து, பலகையைத் தாண்டி, பெட்டியின் மேல் இறங்கி, அதிலிருந்த ஏதோ ஒரு கண்ணை மூடிவிட்டது. எங்கள் வீட்டில் குழாய் கசிகிறது என்று நிலையத்தில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. வேன் வந்து நின்றது, ஹெல்மெட் போட்ட ஆட்கள் என்னைத் தள்ளிக்கொண்டு கீழே ஓடினார்கள், வெள்ளை வெள்ளையாக நுரைத்து இறங்குவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். பின்னாலேயே வந்த மானஸா மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெயலீலா மட்டும் பெட்டியையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. "இப்பிடிப் பொங்கி நான் பாத்ததே இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து நெடுநாளாகிறது மச்சான். வந்தவர்கள் எல்லாரும் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் பெட்டியைத் துடைத்தார்கள்.

இப்போது ரோசா கடையிலும் அந்தப் பலகை இருக்கிறது, அவள் ரொட்டி தலையணை மாதிரி எழும்புகிறது. வீட்டில் எதையுமே புளிக்கவைக்காதவர்கள்கூட எங்களுக்கும் ஒன்று என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கம்பெனி வரைபடத்தில் அதற்கு லீலா ஷெல்ஃப் என்றே பெயர் போட்டிருக்கிறார்களாம். உங்கள் வீட்டுப் பெண்ணின் பெயர் அமெரிக்க மண்ணுக்கடியில் போய்க்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் எதற்குச் சொன்னேன் என்றால், கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வர வேண்டும். உங்களுக்கு விசா இன்னும் உயிரோடு இருக்கிறது, மைனியிடம் விசாரித்துவிட்டேன். அந்த ஜனவரியில் உங்களைக் குளிரில் போட்டது முழுக்க முழுக்க என் குற்றம். பாய்லரை நேரத்துக்கு மாற்றாதது என் சோம்பேறித்தனம். மெக்கானிக்குகள் சொன்னதை நம்பி உங்கள் அனுபவத்தை மதிக்காதது என் அகம்பாவம். கை கூப்பி மன்னிப்புக் கேட்கிறேன். ஜெயலீலா உங்களை வா என்று கேட்க மாட்டாள், நீங்கள் முடியாது என்று சொல்லிவிட்டால் அதைத் தாங்க வேண்டுமே என்று பயம் அவளுக்கு. ஆனால் மேலறையில் இரண்டு கட்டிலுக்கும் புது விரிப்புப் போட்டிருக்கிறாள். யாருக்கு என்று கேட்டால், சும்மாதான் என்கிறாள். இந்த வருடம் நட்சத்திரத்தை நான் கட்டவில்லை. அது பெட்டியிலேயே உங்களுக்காக இருக்கிறது.

மைனிக்கு என் ஸ்தோத்திரமும் ஜெயலீலாவின் முத்தங்களும். உங்கள் பிரயாணத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. டிக்கெட் போட்டால்தானே அவர் ஆசீர்வதிக்க முடியும், அதையும் யோசித்துக்கொள்ளவும்.

என்றும் உங்கள் கோபத்துக்குப் பாத்திரமான,
கிருபைராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் பழைய பாய்லரைக் கழற்றிக்கொண்டு போக ஆட்கள் வந்துவிட்டார்கள், அதனால் இதைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் படுத்திருந்த அறைச் சுவரில், தலைமாட்டுக்கு மேலே, கைமுட்டி அளவில் ஒரு குழாய் வாய் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வெளியிலிருந்து காற்று இழுத்துப் பாய்லருக்குக் கொடுக்கிற குழாய் அது. பாய்லர் அதன் வழியாகத்தான் மூச்சு விட வேண்டும். இன்று அதைப் பிடுங்கியபோது உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்று இழுத்தார்கள். கறுத்துப்போன கம்பளிச் சுருணை ஒன்று வந்தது. பிரித்துப் பார்த்தால் மங்கி குல்லா. ஓரத்தில் சிவப்பு நூலில் அ. நா. என்று போட்டிருக்கிறது.

ஊசிக்காற்றை அடைத்துவிட்டுப் படுத்திருக்கிறீர்கள் மச்சான். மறுநாள் காதை வைத்துக் கேட்டு, மூச்சு முட்டிச் சாகுது என்று நீங்கள் சொன்னதும் நூற்றுக்கு நூறு சரி. உங்கள் சர்வீஸ் வீண்போகவில்லை. ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சோம்பேறித்தனம், அகம்பாவம் என்று வருகிற வரிகளை அடித்துவிட்டுப் படிக்கவும்.

ஜெயலீலா நூலைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள். "அண்ணன்கிட்ட சொல்லிராதீங்க, வெக்கப்பட்டு வராமயே இருந்துருவாவ" என்றாள். வாயால் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். மைனியிடம் காட்ட வேண்டாம், தைத்தது அவர்கள். குல்லாவை ஜெயலீலா நன்றாக அலசிப் பிழிந்து, பலகையில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் காயப்போட்டிருக்கிறாள். வரும்போது வேறு குல்லா எடுத்து வர வேண்டாம்.